ஏழைகளின் வீட்டுப் படியேறியவர்: பிரெடெரிக் ஓசானாம்

நமது பங்கில் இயங்கும் சபைகள் ஒவ்வொன்றைப் பற்றியும் இந்த ஜூபிலி மலரில் ஒரு கட்டுரை இடம்பெற வேண்டும் என்று மலர்க்குழுவினர் விரும்பினர். வின்சென்ட் தே பவுல் சபையைப் பற்றி எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. வரவு செலவையும் பொறுப்பாளர்களின் பெயர்களையும் சபையின் செயலாளர் தமது அறிக்கையில் தந்துவிட்டார். ஆகவே சபையைத் தொடங்கிய மனிதரைப் பற்றிச் சொல்வதே பொருத்தமென எண்ணினோம். பெயரில் வின்சென்ட் இருப்பதால் அந்தப் புனிதரே சபையை ஏற்படுத்தினார் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புனித வின்சென்ட் இறந்தது 1660-இல். சபை பிறந்ததோ 1833-இல். அதைத் தொடங்கியவர்கள் குருக்களும் அல்லர், துறவிகளும் அல்லர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்களுள் முதன்மையானவர் பிரெடெரிக் ஓசானாம்.

1813-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இத்தாலி நாட்டு மிலான் நகரில் அவர் பிறந்தார். சில ஆண்டுகளில் குடும்பம் பிரான்சின் லியோன் நகருக்குத் திரும்பிற்று. தந்தை மருத்துவர். பதினான்கு பிள்ளைகள் பிறந்த அவ்வீட்டில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே மரித்துவிட்டனர். தந்தை ஏழை நோயாளிகளிடம் கட்டணம் வாங்காமல் வைத்தியம் பார்த்தார். தாயும் நோயாளிகளைத் தேடிப் போய்ப் பணிவிடை செய்து வந்தார். லியோனில் ஏழைகள் குடியிருந்தவை உயர்ந்த அடுக்குமாடி வீடுகள். மேலே போகப் போக வாடகை குறையும், வறுமை கூடும். வயதாகிவிட்டதால் இனி நான்காம் மாடிக்கு மேல் ஏறுவதில்லை என்று கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டனர். ஆனால் ஒரு நாள் இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதைவிட உயர்ந்த மாடிக்கு ஏறிப் போய் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டார்களாம்! 1837-இல் தந்தை இறந்ததும் ஏழை நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில், இருண்ட படிக்கட்டில் தவறி விழுந்துதான். இத்தகைய பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை பின்னாளில் என்ன செய்தார் என்பதில் வியப்பில்லை.

ஆனாலும் விசுவாசம் அவருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கப்படவில்லை. பதினாறு வயதளவில் கடும் ஐயங்கள் அவரை வாட்டின. தத்துவம் கற்பித்த நுவாரோ என்ற குருவானவர், அந்த இளைஞனைத் தம்முடன் நெடுந்தூரம் உலாவ அழைத்துச் சென்று, பேசிப் பேசியே மனத்தைத் தெளிய வைத்தார். பிள்ளைகள் கேள்வி கேட்டாலே விசுவாசம் போய்விட்டதென்று அஞ்சும் பெற்றோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

1831-இல் சட்டம் படிக்கப் பாரிஸ் வந்தார். மதத்தை எள்ளி நகையாடுவதே கல்விக்கு அடையாளம் என்றிருந்த காலம் அது. மின்சாரத்தை அளக்க ஆம்பியர் என்கிறோமே, அந்தப் பெயருக்குரிய பேரறிஞரின் வீட்டில் ஓசானாமுக்குத் தங்க இடம் கிடைத்தது. மனச்சோர்வோடு ஒரு நாள் கோயிலுக்குள் நுழைந்த இளைஞர், அங்கே ஒரு மூலையில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த முதியவரைக் கண்டார். அவர் ஆம்பியர்தான். எந்தப் பிரசங்கமும் செய்யாததை அந்தக் காட்சி செய்தது. ஐரோப்பா போற்றிய விஞ்ஞானியின் கையில் நம் பாட்டிமார் கையிலிருக்கும் அதே செபமாலை!

மாணவர்கள் கூடி விவாதம் நடத்தும் ஒரு மன்றம் அங்கிருந்தது. பாய்யி என்ற பத்திரிகையாளர் அதை ஆதரித்து வந்தார். திருச்சபை உலகுக்குச் செய்த நன்மைகளை ஓசானாமும் நண்பர்களும் அம்மன்றத்தில் எடுத்துரைத்து வாதாடுவர். ஒரு நாள் எதிர்த்தரப்பினர் வேறு விதமாக மடக்கினர். பழம்பெருமை இருக்கட்டும், இன்று இந்தப் பாரிசில் கத்தோலிக்கர்களாகிய நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே அவர்களுடைய கேள்வி. முந்திய ஆண்டாகிய 1832-இல் காலரா நோய் பாரிசில் 18,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது. விதவைகளும் அநாதைகளும் தெருவுக்குத் தெரு இருந்தனர். கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாது என்பது ஓசானாமுக்கு விளங்கிற்று. அன்று மாலையே அவரும் லெ தையாந்தியே என்ற நண்பரும், குளிர்காலத்துக்கென்று தாங்கள் வாங்கி வைத்ததில் மிச்சமிருந்த விறகைச் சுமந்துகொண்டு போய் ஓர் ஏழைக்குக் கொடுத்தார்கள்.

1833 ஏப்ரல் 23, ஓசானாமின் இருபதாவது பிறந்த நாள். அன்று பாய்யியின் பத்திரிகை அலுவலகத்தில் முதல் கூட்டம் நடந்தது. பாய்யியோடு சேர்த்து ஏழு பேர். மூத்தவர் என்பதால் அவரே தலைவரானார். ஏழைகள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. மூஃப்தார் தெருப் பகுதியில் ஏழைகளிடையே உழைத்து வந்த பிறரன்புப் புதல்வியர் சபைச் சகோதரி ரோசலியிடம் போய்க் கேட்டார்கள். அவர் குடும்பங்களின் பட்டியலைத் தந்தார், ரொட்டிச் சீட்டுகளும் தந்தார். எல்லாவற்றையும்விட மேலாக, ஏழையின் வீட்டில் எப்படிப் பேசுவது, எப்படி உட்காருவது என்பதைக் கற்றுக்கொடுத்தார். இச்சகோதரிக்கு 2003-இல் முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது.

ஓசானாமுக்கு முதலில் கிடைத்த குடும்பத்தில் ஐந்து பிள்ளைகள். தாய் கூலி வேலை செய்து சம்பாதித்ததைக் கணவன் குடித்து அழித்துவிட்டு அவளை அடிப்பான். ரொட்டிச் சீட்டை நீட்டிவிட்டுத் திரும்பியிருந்தால் அன்றைய கடமை முடிந்திருக்கும். ஓசானாம் மீண்டும் மீண்டும் போனார், விசாரித்தார். சட்டப்படி அவர்களுக்குத் திருமணமே ஆகவில்லை என்பது தெரிய வந்தது. சட்ட மாணவரல்லவா! அதிகாரிகளிடம் நடையாய் நடந்து, அந்தக் கொடியவனிடமிருந்து அவளுக்கு விடுதலை வாங்கித் தந்தார். நண்பர்களிடம் பணம் திரட்டி, சின்னப் பிள்ளைகளோடு அவளைச் சொந்த ஊருக்கு அனுப்பி வைத்தார். மூத்தவர்களுக்குப் பாய்யியின் அச்சகத்தில் தொழில் பழக இடம் கிடைத்தது.

சபையின் உயிர்நாடி இந்நிகழ்ச்சியில் இருக்கிறது என்பது நமது கருத்து. ஓசானாமும் நண்பர்களும் நிதி திரட்டும் சங்கம் ஒன்றை அமைக்க நினைக்கவில்லை. பணம் அவர்களிடம் இல்லவும் இல்லை. இருவர் இருவராக ஏழையின் வீட்டுக்குத் தாங்களே போக வேண்டும். வாரந்தோறும் கூடி, செபித்து, கண்டதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். யார் எவ்வளவு இட்டார் என்பது தெரியாதபடி பையில் காணிக்கை இட வேண்டும். ஆளனுப்பியோ காசோலை அனுப்பியோ இதைச் செய்ய முடியாது. நம் பங்குகளில் சந்தா தவறாமல் கட்டுகிற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். திருவிழாவில் சபைக் கொடியை ஏந்தி வருகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் சனிக்கிழமை மாலை ஒரு குடிசையின் வாசலில் குனிந்து உள்ளே போகிறவர் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல்களே போதுமாயிருக்கிறது. வயது முதிர்ந்த இருவரே பல ஆண்டுகளாக எல்லா வீடுகளுக்கும் போய் வருகிறார்கள் என்ற நிலை நாம் பணியாற்றிய பங்குகளில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தது. பேர் இருக்கிறது, ஆள் இல்லை!

பாரிசிலோ தொல்லை இதற்கு நேர்மாறானது. 1834 இறுதிக்குள் உறுப்பினர் நூறு பேரைத் தாண்டிவிட்டனர். ஓர் அறையில் உட்கார இடமில்லை. கூட்டத்தில் பேசுபவர் சிலர், கேட்பவர் பலர் என்றாயிற்று. சபையைப் பல கிளைகளாகப் பிரிக்க வேண்டும் என்றார் ஓசானாம். நட்பினால் கட்டப்பட்டதைக் கூறு போடுவதா என்று நெருங்கிய நண்பர்களே எதிர்த்தனர். கூட்டங்கள் காரசாரமாயின. ஓசானாம் அசையவில்லை. கூட்டம் பெரிதானால் ஒவ்வொருவனும் மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிடுவான், சிறு கிளையில்தான் ஒவ்வொருவனுக்கும் வேலை இருக்கும், புதிதாக வருகிற இளைஞனுக்கும் இடம் இருக்கும் என்பது அவர் கண்ட உண்மை. 1835 தொடக்கத்தில் சபை பங்குவாரியாகப் பிரிந்தது. அன்று அது பிரியாதிருந்தால் பாரிஸ் மாணவர்களின் நட்பு வட்டமாகவே முடிந்திருக்கும். நம் ஊர் வரை வந்திருக்காது. அதே ஆண்டில் சபைக்குச் சட்ட விதிகளும் எழுதப்பட்டன. சபையின் தலைவர் பதவியில் ஓசானாம் ஒரு நாளும் அமர்ந்ததில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அவருடைய கல்விச் சிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சட்டத்திலும் இலக்கியத்திலும் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியக் கவி தாந்தேயைப் பற்றி ஆராய்ந்தார். 1844-இல் புகழ்பெற்ற சொர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1841 ஜூன் 23-ஆம் நாள் அமேலி என்ற நற்குணவதியை மணந்தார். 1845-இல் மரி என்ற மகள் பிறந்தாள்.

வேலையும் குடும்பமும் வந்த பிறகு சபைப் பணிக்கு ஏது நேரம் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. ஓசானாமின் வீட்டில் நடந்த ஒன்று. ஒரு புத்தாண்டு நாளில், தமக்குத் தெரிந்த ஏழைக் குடும்பமொன்று வாழ்ந்த காலத்து நினைவாக வைத்திருந்த இழுப்பறைப் பெட்டியையும் அடகு வைத்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லி, அதை மீட்டுப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுக்க விரும்பினார். அமேலி நியாயமான காரணங்களைச் சொல்லித் தடுத்தார். அவரும் இணங்கினார். மாலையில் வாழ்த்துக் கூறிவிட்டு வீடு திரும்பியவர், மகளைச் சுற்றிக் குவிந்திருந்த விளையாட்டுப் பொருள்களைப் பார்த்தார். இனிப்பை வாயில் வைக்க மனம் வரவில்லை. மனைவியே அவர் முகத்தைக் கண்டு போகச் சொல்ல, போய் அடகை மீட்டு, பெட்டி அவர்கள் வீட்டில் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பினார்.

1848 ஜூன் மாதத்தில் வேலையிழந்த தொழிலாளர் பாரிஸ் தெருக்களில் தடையரண்கள் எழுப்பிப் போரிட்டனர். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஓசானாமும் வேறு இருவரும் பேராயர் ஆஃப்ரிடம் சென்று, இரு தரப்புக்கும் நடுவே அவர் சமாதானம் பேச வேண்டும் என்று வேண்டினர். பேராயர் துணிந்து போனார். 25-ஆம் நாள் தடையரணின் அருகே குண்டுபட்டு, 27-ஆம் நாள் உயிர் நீத்தார். இத்துயரத்துக்குப் பின்னும் ஓசானாம் தொழிலாளரைப் பகைக்கவில்லை. அவர்களுடைய பட்டினியையும் கூலியையும் பற்றித் தம் நண்பர்களோடு நடத்திய நாளிதழில் எழுதினார். கத்தோலிக்கரிலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. தொழிலாளர் பற்றிப் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் சுற்றுமடல் எழுதியது 1891-இல்தான் என்பதை நினைத்தால் ஓசானாம் எவ்வளவு முன்னே நடந்தார் என்பது விளங்கும்.

உடல் தாங்கவில்லை. 1852-இல் காய்ச்சலோடு எழுந்து போய் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அதன் பின் வகுப்புக்குத் திரும்பவில்லை. உடல் தேறுவதற்காக இத்தாலிக்குப் போன இடத்திலும் சபையின் கிளைகளை உண்டாக்கவே அலைந்தார். தாய்நாட்டில் சாக விரும்பிக் கப்பலேறி மார்செய் துறைமுகம் வந்தார். அங்கே 1853 செப்டம்பர் 8-ஆம் நாள், நாம் வேளாங்கண்ணி மாதா திருவிழாவாகக் கொண்டாடும் அதே நாளில், இறைவனடி சேர்ந்தார். வயது நாற்பது.

பத்து ஆண்டுகளில், 1863-இல், சபை நம் நாட்டுக்கு வந்தது. பிற்காலத்தில் பெண்களும் உறுப்பினராயினர். 1926-இல் பிரேசில் நாட்டில் தொண்டை அடைப்பான் நோயால் சாகக் கிடந்த பதினெட்டு மாதக் குழந்தை ஓசானாமை வேண்டியதால் பிழைத்தது. அதைத் திருச்சபை புதுமையென ஏற்க, 1997 ஆகஸ்டு 22-ஆம் நாள், உலக இளைஞர் மாநாட்டுக்குப் பாரிஸ் வந்த பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் நோத்ர தாம் பேராலயத்தில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார்.

நமது பங்கின் சபை ஞாயிறுதோறும் இரண்டாம் திருப்பலிக்குப் பின் பள்ளிக்கூடத்தின் கிழக்கு அறையில் கூடுகிறது. நாற்காலிகள் நிறைய காலியாக இருக்கின்றன.