தாவரத்தின் துடிப்பைத் தேடிய ஜகதீஷ் சந்திர போஸ்

விருந்து வீடுகளிலே சைவ உணவுக்காரரும் மச்ச மாமிசம் உண்போரும் ஒரே பந்தியில் அமர நேரும்போது பழைய வாதமொன்று தலைதூக்குவதுண்டு. ஆட்டுக்கு வலிப்பது போலவே கீரைக்கும் வலிக்கும், அதனைப் போஸ் என்ற விஞ்ஞானி எப்போதோ நிரூபித்துவிட்டார், ஆகவே இதில் பேதம் பார்ப்பது வீண் என்பதே அவ்வாதம். நாமும் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். இளமையில் சொல்லியும் இருக்கிறோம். அம்மனிதர் உண்மையில் எதனை நிறுவினார் என்பதை அறிய அவரது வாழ்க்கையைச் சற்று நோக்குதல் தகும்.

ஜகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30ஆம் திகதி, இன்று பங்களாதேஷில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் உயர் பதவி வகித்தவர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். வசதி படைத்தோர் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பிய அக்காலத்தில் அவர் தம் மகனை வங்காளமொழிப் பாடசாலையிலேயே சேர்த்தார். அங்கே சிறுவனின் ஒரு பக்கத்தில் தந்தையிடம் பணிபுரிந்த முஸ்லிம் ஒருவரின் மகனும் மறுபக்கத்தில் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்தனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிரினங்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தம்முள் விதைத்தன எனப் போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆசாரம் மிக்கவரான தாயார் அவ்விரு தோழர்களுக்கும் தம் மகனோடு சேர்த்து வேறுபாடின்றி உணவளித்தார் என்பதையும் அவர் மறக்கவில்லை.

கல்கத்தாவிலும் பின்னர் கேம்பிறிட்ஜிலும் கற்று 1885இல் நாடு திரும்பியவருக்குக் கல்கத்தா பிறெசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் கற்பிக்கும் பதவி கிடைத்தது. எனினும் அதே வேலைக்கு ஐரோப்பியர் பெற்ற சம்பளம் இந்தியருக்கு இல்லை. போஸ் கூச்சலிடவில்லை, வேலையையும் துறக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு சதமும் பெறாது கற்பித்தார். ஈற்றில் நிர்வாகம் இணங்கி முழுச் சம்பளத்தையும் நிலுவையுடன் வழங்கியது. அப்பணம் தந்தையாரின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது. இடையே, 1887இல், அவர் கரம்பற்றிய அபலா, கல்கத்தாவில் பெண்களுக்கு இடமில்லாமையால் சென்னைக்குச் சென்று மருத்துவம் கற்றவர்.

மார்க்கோனியின் பெயர் உலகறியு முன்னரே, கம்பியில்லா அலைகளால் தொலைவில் மணியை ஒலிக்கச்செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் கல்கத்தாவில் அவர் காட்டினார். கண்டுபிடிப்பை விற்றுப் பொருளீட்ட மட்டும் அவர் மனம் ஒப்பவில்லை. அந்த வரலாறு தனியே எழுதப்படவேண்டியது. நமக்கு வேண்டியது அதன்பின் நிகழ்ந்த திருப்பமாகும். அலைகளை உணரும் தமது கருவி நெடுநேரம் இயங்கியபின் களைப்படைவது போன்று மந்தமாவதையும் ஓய்வின்பின் மீள்வதையும் கண்ட போஸ், உலோகத்திற்கும் தசைக்கும் இடையில் தாவரத்தின் நிலை என்ன என்று வினவத் தொடங்கினார்.

1901இல் லண்டன் றோயல் கழகத்தில் அவர் தமது பரிசோதனைகளை விளக்கியபோது முதுபெரும் உடற்றொழிலியலாளரான பேர்டன் சாண்டர்சன் எதிர்ப்புத் தெரிவித்தார். விலங்குகளுக்கு உரிய சொல்லைத் தாவரத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பது அவரது வாதங்களில் ஒன்று. போஸ் சொல்லை மாற்ற மறுத்தார். கட்டுரை அச்சேறவில்லை. அவர் சோர்ந்துவிடாது நூல்களாக எழுதினார். தாவர வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருப்பித்துக் காட்டும் கிறெஸ்கோகிராப் என்னும் கருவியை அமைத்தார். தொட்டாற்சுருங்கியின் இலைகள் மடிகையில் மின்துடிப்பு ஓடுவதையும், ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் தாவரம் இறுதியாக ஒருமுறை துடித்து அடங்குவதையும் அவர் பதிவுசெய்தார். சைவ உணவுக்காரரான பேர்னாட் ஷோ அவரது ஆய்வுகூடத்தில் கோவா இலையொன்று வெந்நீரில் துடித்து மடிவதைக் கண்டு மனம் வருந்தினார் என்று போஸின் வரலாற்றை 1920இல் எழுதிய பற்றிக் கெடிஸ் குறிப்பிடுகிறார். பந்தி வாதத்தின் மூலம் இதுவாகவே இருக்கவேண்டும்.

ஆனால் துடிப்பு வேறு, வலி வேறு. தாவரம் தூண்டலை உணர்ந்து மின்குறிகளால் செய்தி அனுப்புகிறது என்பதில் போஸ் வென்றார். இலையைப் புழு கடித்தவுடன் கல்சியக் குறி ஏனைய இலைகளுக்குப் பரவுவதை 2018இல் ஆய்வாளர்கள் கண்ணாற் காணும்படி படம்பிடித்தனர். எனினும், தாவரத்திற்கும் நரம்பு உண்டென 1926இல் அவர் நூல் எழுதியது சான்றுகளை மீறிய பாய்ச்சல் என்றே நாம் கருதுகிறோம். தாவரத்தில் நரம்புக் கலமும் இல்லை, மூளையும் இல்லை. தாவர நரம்பியல் என்ற பெயரே பொருந்தாதென 2007இல் 36 தாவரவியலாளர்கள் கூட்டாக எழுதினர். சாண்டர்சனின் ஆட்சேபம் முற்றிலும் பொருளற்றதன்று என்பதை, போஸை நேசிக்கும் நாமும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கீரைக்கு வலிக்கும் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் அவ்வாதம் நிற்பதில்லை. ஆடும் மாடும் வளர்வது புல்லையும் தழையையும் தின்றேயாதலால், இறைச்சி உண்பவரின் கணக்கில் மடியும் தாவரங்கள் இன்னும் அதிகம். அதனிலும் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. புலால் மறுக்கும் சைவரும், கத்தி கூர்மையாக இருக்கவேண்டும், ஒரு பிராணியின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கலாகாது என்று பேணும் முஸ்லிம்களும் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தவர்களாயினும், பிராணிக்கு நோகும் என்பதை இரு சாராருமே ஏற்றுக்கொண்டவர்கள். எல்லாவற்றுக்கும் ஒரேயளவில் வலிக்கும் என்று சொல்லிவிட்டால் இரு சாராரின் கவனமும் அர்த்தமிழந்துவிடுகிறது. பந்தியில் அதைச் சொல்பவர் கீரைக்காகக் கவலைப்படுவதையும் நாம் கண்டதில்லை.

போஸுக்கு 1917இல் சேர் பட்டம் கிட்டியது. அதே ஆண்டு தமது பிறந்தநாளில் கல்கத்தாவில் தமது பெயராலேயே ஆராய்ச்சி நிலையமொன்றை அவர் நிறுவினார். ஒருகாலத்தில் கட்டுரையை ஒதுக்கிய றோயல் கழகம் 1920இல் அவரை அங்கத்தவராக ஏற்றது. 1937 நவம்பர் 23ஆம் திகதி, 79ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிடியில் அவர் காலமானார்.