அடுக்களையில் பிறந்த அறிவியல்

ஆக்னஸ் பொக்கெல்ஸ் அம்மையார் 1862ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பிறந்தார். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தார். அக்காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைத்தே இருந்தன. நோயுற்ற பெற்றோரைப் பேணிக்கொண்டே, தம்பி தந்த இயற்பியல் நூல்களைக் கற்றார்.

பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய் படர்வது அவர்தம் சிந்தனையைத் தூண்டியது. தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, நகரும் தகரப்பட்டையால் படலத்தை நெருக்கிப் பரப்பு இழுவிசை மாறுவதை அளந்தார். அம்முடிவுகளைக் கடிதமாக எழுதினார். அறிஞர் இராலே 1891இல் அதனை 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார்.

பின்னர் லாங்மியூர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். புறப்பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வாண்டே அம்மையாருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கிடைத்தது. 1935இல் அவர் மறைந்தார்.

உடலுள் பொருத்தும் செயற்கை உறுப்பின்மேல் குருதிப் புரதங்களே முதலில் படிகின்றன. புரதப் படலங்களை ஆராய உதவும் கருவிகளுள் ஒன்று, அவ்வடுக்களைத் தொட்டியின் வழிவந்ததே.