வலியைப் போற்றிய வல்லுநர்

வலியே இல்லாத வாழ்வு வேண்டும் என்று விரும்பாதவர் உண்டோ? ஆனால், வலி இல்லாமற் போனதாலேயே கால்விரல் ஒன்றை இழந்தவர் என் பெரியப்பா. மங்கலம்பேட்டையில் ஒரு மாலைப் பொழுதில் அவர் வயலிலிருந்து திரும்பியபோது, திண்ணையிலிருந்து கூடம்வரை இரத்தச் சுவடு பதிந்திருந்தது. பெரியம்மா பதறிப்போய்ப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். கருவேல முள் ஆழமாகத் தைத்திருந்தது. எப்போது தைத்தது என்று பெரியப்பாவுக்கே தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளாக இருந்த நீரிழிவு, அவர் பாத நரம்புகளின் உணர்வைப் பறித்துவிட்டிருந்தது. வலிக்கவில்லையே என்று அந்தக் காலோடேயே பத்து நாள் வயலுக்கு நடந்தார். புண் புரையோடியது. விரலை எடுக்க நேர்ந்தது.

வலிக்காத புண் எப்படி இவ்வளவு தூரம் வளர்ந்தது? இவ்வினாவுக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்ட பெயர்தான் டாக்டர் பால் பிராண்ட். அன்னார் அயல்நாட்டுக் குடும்பத்தவரேனும் பிறந்தது நம் தமிழ் மண்ணில். 1914ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள் பிறந்த அவர், வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் வளர்ந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்டும் தாய் ஈவ்லினும் மலைவாழ் மக்களிடையே தொண்டாற்றி வந்தனர். ஒன்பதாம் வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்ற சிறுவன், தந்தையை மீண்டும் காணவேயில்லை. 1929இல் காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி மலையிலேயே மறைந்தார்.

இளைஞர் பிராண்ட் முதலில் கற்றது மருத்துவம் அன்று. தச்சு வேலையும் கட்டட வேலையுமே. பின்னரே இலண்டனில் மருத்துவம் பயின்று அறுவை மருத்துவரானார். 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றது அவர் வாழ்வின் திருப்புமுனையாயிற்று. மடங்கிப்போன விரல்களையுடைய நோயாளி ஒருவரின் கையைப் பற்றினார். செத்த கை என்று எல்லாரும் எண்ணிய அந்தக் கையின் பிடி இரும்பாயிருந்தது! தசைகள் சில இன்னும் உயிரோடிருக்கின்றன என்று உணர்ந்தார். நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. சீராக்கிய கைகளிலும் கால்களிலும் மீண்டும் மீண்டும் புண்கள் தோன்றின. தொழுநோயால் தசை தானே அழுகிவிடுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. பிராண்ட் அதை அப்படியே ஏற்கவில்லை. துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் வெறுங்கையால் திறந்ததைக் கண்டார். சாவி விரலைக் கிழித்திருந்தது; சிறுவனோ அதை அறியவேயில்லை. உறங்கும்போது எலி கடித்தும் விழிக்காத நோயாளிகள் இருந்தனர். அவர்களுக்குப் பூனைகளைக் காவலாகக் கொடுத்தார். புண்ணுக்குக் காரணம் அழுகல் அன்று, உணர்வின்மையே என்பது தெளிவாயிற்று.

கல் குத்தினால் நாம் காலை மாற்றி வைக்கிறோம். செருப்புக் கடித்தால் நொண்டுகிறோம். வலி நமக்கிடும் கட்டளை அது. அக்கட்டளை கேளாத கால், அடிபட்ட இடத்திலேயே மீண்டும் மீண்டும் மிதிக்கிறது. எனவே பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு, உடலின் பாரம் பாதம் முழுவதும் பரவும்படி செய்தார். ஆறிய காலுக்கு மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புச் செய்வித்தார். தச்சறிவு மருத்துவத்துக்குத் துணை நின்றது.

1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தபோது, வேலூரில் கண்ட அதே புண்களைக் கண்டார். நோய் வேறு, ஆனால் உணர்விழந்த கால் ஒன்றே! நீரிழிவில் இரத்த ஓட்டம் குறைவதும் உண்டு. ஆனால், எல்லாப் புண்ணுக்கும் அதையே காரணம் காட்டிக் காலை எடுத்துவிடலாகாது என்று அவர் வாதாடினார். பெரிய அடி மட்டுமன்று, சிறு அழுத்தமும் ஒரே இடத்தில் ஆயிரம் முறை விழுந்தால் புண்ணாகும் என்பதை ஆய்ந்து காட்டினார். புண் தோன்றுமுன் அவ்விடம் சூடேறும். அதைக் கண்டு காலுக்கு ஓய்வு தந்தால் புண்ணைத் தடுக்கலாம்.

ஒருமுறை நீண்ட பயணத்துக்குப்பின் தம் குதிகாலில் உணர்வில்லை என்று கண்டு, தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென அஞ்சி இரவெல்லாம் உறங்காதிருந்தார். காலையில் மீண்டும் ஊசியால் குத்தினார். சுரீரென வலித்தது! அந்த வலிக்கு அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. 1960இல் லாஸ்கர் விருது பெற்ற அம்மேதை, 2003இல் சியாட்டில் நகரில் மறைந்தார்.

நண்பர்களே! நம் வீட்டிலும் நீரிழிவுள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வெறுங்காலோடு வரப்பில் நடக்கவிடாதீர்கள். காய்ப்பைப் பிளேடால் சீவவிடாதீர்கள். காலுக்கு ஊற்றும் வெந்நீரை முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். வலிக்காத புண்ணைச் சிறிதென்று எண்ணாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இன்று பெரியப்பா நுண்துளை ரப்பர்ச் செருப்பு அணிகிறார். நாள்தோறும் இரவு உணவுக்குப்பின் பெரியம்மா அவர் பாதங்களை விளக்கொளியில் பார்த்து, புறங்கையால் தடவிச் சூடு இருக்கிறதா என்று அறிகிறார். பெரியப்பாவின் காலுக்கு இல்லாத வலியைப் பெரியம்மாவின் கண்கள் சுமக்கின்றன. கொல்லிமலையில் வளர்ந்த அந்த மருத்துவரின் பெயரை அவர் அறியார். அவர் காட்டிய வழியை அறிவார்.