வேடங்களை எழுதித் தந்த சுவாமிகள்

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழிக்குப் போகும் வழியெங்கும் மழையை நம்பிய மானாவாரிக் காடுகள். பங்குனி, சித்திரையில் அம்மன் கோவில் பொங்கல் வந்துவிட்டால், ஊர்ப் பொட்டலில் நாடக மேடை எழும். இரவு 10 மணிக்கு மேல் ஆர்மோனியம் ஒலிக்கும். 'வள்ளி திருமணம்' தொடங்கிவிடும்.

மேடையில் ஓர் அதிசயத்தைக் காணலாம். வள்ளியாக வரும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர். நாரதர் வேறோர் ஊர். முருகனாக வரும் ராஜபார்ட் இன்னோர் ஊர். அன்று மாலைதான் ஒன்றுசேர்ந்து இருப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனாலும் விடிய விடிய நாடகம் தடங்கல் இல்லாமல் நடக்கும்!

இது எப்படி முடிகிறது? 100 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவர் அந்த வேடங்களை எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்.

கணக்கு வேலை

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில், 1867-ம் ஆண்டு சங்கரதாஸ் பிறந்தார். தந்தை தாமோதரன் தமிழ் படித்தவர். அவரிடமே மகன் முதல் பாடம் கேட்டார். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார்.

சில காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். மனம் அதில் ஒட்டவில்லை. 24-வது வயதில் நாடகத்துக்கு வந்துவிட்டார்.

இரணியன், ராவணன், எமன், சனீசுவரன் என்று பயங்கர வேடங்களில் நடித்தார். அவர் மேடைக்கு வந்தால் குழந்தைகள் நடுங்குவார்கள்.

கலைத்த வேடம்

ஒருநாள் விடியற்காலை, சனீசுவரன் வேடத்தைக் கலைக்க அவர் நீர்த்துறைக்குப் போனாராம். அங்கு வந்த ஒரு பெண், அந்தக் கோலத்தைக் கண்டு பயத்தில் உயிரை விட்டாள் என்று சொல்வார்கள். இந்தத் துயரம் அவர் நெஞ்சை உலுக்கியது. இனி வேடம் போடுவதில்லை என்று முடிவு செய்தார்.

நடிப்பை விட்டவர், கோவில் கோவிலாகச் சென்று துறவி போல வாழ்ந்தார். மக்கள் அவரைச் சுவாமிகள் என்றார்கள். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை, அவரைத் தம் பிள்ளை போல வைத்துக்கொண்டார். அங்கே தாள நுட்பங்களைக் கற்றார்.

நாடகம் அவரை மீண்டும் அழைத்தது. ஆனால் இந்த முறை அவர் வேடம் போடவில்லை. மற்றவர்களுக்கு வேடங்களை எழுதிக் கொடுத்தார்.

சிறுவர்களின் சபை

அன்றைய நடிகர்கள் சிலர், மேடையில் மனம் போனபடி பேசுவார்கள். கதை எங்கோ போய்விடும். சுவாமிகள் அதற்கு வரம்பு கட்டினார். யார் எப்போது வரவேண்டும், என்ன பாடவேண்டும், எதிராளிக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று எழுதினார். பாட்டும், விருத்தமும், வசனமும் வேடத்தின் குணத்துக்கு ஏற்ப அமைந்தன. பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று ஏறத்தாழ 40 நாடகங்கள் எழுதினார்.

ஆனால் பெரிய நடிகர்களை வரம்புக்குள் நிறுத்துவது எளிதா? சிறுவர்களைப் பழக்குவதே மேல் என்று கண்டார். 1918-ம் ஆண்டு மதுரையில், தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆசிரியராக அமர்ந்தார்.

அங்கே வந்து சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் டி.கே.சண்முகம். பின்னாளில் அவ்வை வேடத்தால் புகழ் பெற்றவர். அந்தச் சிறுவனின் குரலையும் திறமையையும் அறிந்து, அவனுக்குப் பொருந்தும்படி 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் எழுதினார். அதை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். ஆளுக்குத் தக்க வேடம்!

இதே யோசனை வெளிநாட்டிலும் பிறந்தது. 1974-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு வேட விளையாட்டு வெளிவந்தது. ஆடுபவர் ஒவ்வொருவரும், தம் வேடத்தின் பலம், குணம், திறமை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆடுவார். தாளில் இருப்பது வரம்பு. மற்றது ஆடுபவரின் சாமர்த்தியம். நம் நாடக மேடையிலும் அப்படித்தான்.

பேச்சு இழந்தார்

கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. எல்லோருக்கும் பேச்சு எழுதிக் கொடுத்தவர், தாமே பேச முடியாமல் போனார். 1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார்.

அவர் எழுதிய வேடங்களோ இன்னும் பேசுகின்றன. வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கத்தில், சுவாமிகளின் பாட்டோடு நடிகர்கள் தங்கள் சொந்தச் சரக்கையும் கலந்து பேசுகிறார்கள். ஊருக்கு ஊர் பேச்சு மாறும். ஆனால் கதை வழி தவறாது. கடைசியில் வள்ளி முருகனைக் கைப்பிடிப்பாள். பொழுதும் விடிந்துவிடும்.