இராமானுஜனின் காய்ச்சல்

விழுப்புரம் ஜங்ஷனுக்கும் கணித மேதை சீனிவாச இராமானுஜனுக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நண்பர்கள் பலர் நம்ப மாட்டார்கள். 1910-இல் வேலையில்லாமல் திண்டாடிய அந்த 22 வயது வாலிபர், கும்பகோணத்தில் ரயிலேறி நம்ம விழுப்புரத்தில் இறங்கி, வண்டி மாறித் திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த இராமசாமி அய்யர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டியவர் மலைத்துப்போய், சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பிறகு 1913-இல் ஹார்டிக்குக் கடிதம், 1914-இல் கேம்பிரிட்ஜ் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் எழுத வந்தது அவர் உடம்பைப் பற்றி.

1906-இல் பச்சையப்பன் கல்லூரியில் படித்தபோது அவருக்குச் சீதபேதி கண்டது. படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பினார். அந்த ரயில் பாதையும் திண்டிவனம், விழுப்புரம் வழிதான். சில மாதத்தில் தேறிவிட்டார். 1909-இல் மறுபடி உடம்பு படுத்தியது. 1910 தொடக்கத்தில் விரைவீக்கத்துக்கு ஆபரேஷன்.

1917-இல் இங்கிலாந்தில் காய்ச்சல் வந்தது. ராத்திரியானால் ஏறும், விடிந்தால் இறங்கும். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். அடுத்து காசநோய் என்று மெண்டிப் மலைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். அதை நடத்தியவர் சவுரிமுத்து என்ற நம்மவர். பின்னாளில் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவரும் அவரே. பிறகு மேட்லாக் சானடோரியம். லண்டன் நிபுணர் ஒருவரோ, விரைவீக்கம் என்று ஊரில் அறுத்தது புற்றுநோய்க் கட்டியாக இருக்கும், அதுதான் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது என்று சந்தேகப்பட்டார். இரத்தம் கெட்டுவிட்டது என்றும் ஒரு கட்சி. ஆளுக்கொரு பெயர் வைத்தார்களே தவிர, காய்ச்சல் விடவில்லை.

இப்படி அலைவது என்னவென்று எனக்குத் தெரியும். எங்க பெரியம்மாவுக்கு மூணு வருஷம் வாதம், நரம்புத் தளர்ச்சி என்று மாற்றி மாற்றி மருந்து கொடுத்தாங்க. கடைசியில் எல்லாம் மனசுதான் காரணம்னு ஒருத்தர் சொன்னப்போதான் அவங்க உடைஞ்சு போனாங்க. இராமானுஜனும் உடைந்தார். 1918 தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் தண்டவாளத்தில் விழுந்தார். ஊழியர் ஒருவர் பார்த்து மின்சாரத்தை நிறுத்த, சில அடி தூரத்தில் வண்டி நின்றது. அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1994-இல் யங் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களையும் பதிவுகளையும் அலசி ஒரு கட்டுரை எழுதினார். காசநோய் பொருந்தவில்லை, கல்லீரலில் அமீபா கிருமியால் வந்த சீழ்க்கட்டிதான் எல்லா அறிகுறிக்கும் பொருந்துகிறது என்பது அவர் முடிவு. சீதபேதி ஆறினாலும் அந்தக் கிருமி குடலில் வருஷக்கணக்கில் பதுங்கிக் கிடந்து, பிறகு கல்லீரலைப் பிடிக்குமாம். இங்கே சாதாரணம், கேம்பிரிட்ஜில் அபூர்வம். மருந்து இல்லாத காலமும் அல்ல. கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸ் 1912-லேயே எமெட்டின் ஊசியைக் கொண்டுவந்துவிட்டார்.

எங்க ஒர்க் ஷாப்பில் லேத் மிஷின் சத்தம் போட்டால் இன்ஸ்ட்ரக்டர் முதலில் கேட்பது, முன்பு எப்போது, எதற்காகப் பிரித்தார்கள் என்றுதான். இராமானுஜனின் பழைய ஆபரேஷன் லண்டன்காரர் கண்ணில் பட்டது. பழைய சீதபேதியை யாரும் பொருட்படுத்தவில்லை போலும்.

வெள்ளைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியவரைச் சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று மாற்றி மாற்றி வைத்து, இங்கேயும் காசநோய் என்றே பார்த்தார்கள். சேத்துப்பட்டு வீட்டில் படுத்தபடியே அவர் கணக்குப் போட்டார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார்; மாக் தீட்டா சார்புகள் என்ற புதுச் சரக்கு அதில் இருந்தது. ஏப்ரல் 26-ஆம் தேதி காலமானார். வயது 32. கடைசி நாட்களின் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 1976-இல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் படும்வரை ஒரு பெட்டிக்குள் கிடந்தன.