தாரில் சாயம் கண்ட வாலிபர்

ராமேசுவரம் தீவின் மணலில் ஒரு சிறிய செடி தானாக முளைக்கும். தரையை ஒட்டி வளரும். வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூக்கள் பூக்கும். பார்ப்பவர்கள் அதைப் புல் என்று எண்ணிக் கடந்து போவார்கள். சித்த வைத்தியர்கள் அதற்கு இம்பூறல் என்று பெயர் சொல்வார்கள். சாயக்காரர்கள் சொல்லும் பெயர் சாயவேர்.

செடி சிறிதுதான். ஆனால் அதன் வேரில் செல்வம் இருந்தது. வேரை உலர்த்திப் பொடி செய்வார்கள். நூலுக்குக் கடுக்காயும் படிகாரமும் ஊட்டுவார்கள். பிறகு வேர்ப் பொடியோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். நூல் செக்கச் செவேல் என்று சிவந்து விடும். துவைத்தாலும் அந்தச் சிவப்பு எளிதில் போகாது.

சோழமண்டலக் கரையின் சாயத் துணிகள் கப்பலேறி ஐரோப்பா வரை போயின. அந்தத் துணிகளின் சிவப்புக்குக் காரணம் இந்த வேர்தான். ராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய கரைகளில் மணலைத் தோண்டி வேர் எடுத்தே பல குடும்பங்கள் பிழைத்தன. டச்சுக்காரர்கள் இலங்கைக் கரையை ஆண்டபோது, வேர் வியாபாரத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு கிராக்கி!

அந்த வேருக்குக் கடல் கடந்து ஒரு போட்டி வந்தது. செடியில்லாமல், வேரில்லாமல் அதே சிவப்பு தொழிற்சாலையில் பிறந்தது. அதற்கு வழி திறந்தவர் லண்டனில் பிறந்த ஒரு கட்டிட மேஸ்திரியின் மகன். அவர் பெயர் வில்லியம் ஹென்றி பெர்க்கின்.

சாப்பாட்டை மறந்த சிறுவன்

பெர்க்கின் 1838-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. தந்தை ஜார்ஜ் பெர்க்கின் வீடு கட்டும் தொழில் செய்தவர். மகன் கட்டிடங்களுக்குப் படம் வரையும் நிபுணராக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மகனின் மனமோ வேறு பக்கம் போயிற்று. ஒரு நண்பன் சில உப்புகளைக் கரைத்து, பளிங்கு போன்ற படிகங்கள் உண்டாவதைக் காட்டினான். அதைக் கண்ட நாள் முதல் பெர்க்கினுக்கு ரசாயனத்தின் மீது பித்துப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் ரசாயனப் பாடம் பகல் சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கும். சாப்பாட்டை விட்டுவிட்டு அவர் பாடத்துக்குப் போய் உட்காருவார்.

தந்தை முதலில் தயங்கினார். பிறகு மகனின் ஆர்வத்தைக் கண்டு விட்டுக் கொடுத்தார். 15-வது வயதில் பெர்க்கின் லண்டனில் இருந்த அரசு ரசாயனக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்தவர் ஹாப்மன் என்ற ஜெர்மானியர். அவர் பெரிய மேதை. மாணவன் விரைவில் ஆசிரியரின் உதவியாளன் ஆனான்.

மருந்தைத் தேடினார், சாயம் கிடைத்தது

அந்தக் காலத்தில் மலேரியாக் காய்ச்சல் லட்சக்கணக்கான உயிர்களை வாங்கியது. இந்தியாவிலும் அதன் கொடுமை அதிகம். அதற்கு ஒரே மருந்து கொயினா. தென் அமெரிக்காவில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து அது கிடைத்தது. விலையும் அதிகம். அதை ரசாயன முறையில் செய்ய முடிந்தால் எவ்வளவு நன்மை! ஹாப்மன் இந்த எண்ணத்தை வெளியிட்டார். பெர்க்கின் அதைப் பிடித்துக்கொண்டார்.

1856-ம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை. ஹாப்மன் ஊருக்குப் போயிருந்தார். பெர்க்கினுக்கு அப்போது வயது 18. வீட்டின் மாடியில் தாமே அமைத்திருந்த சிறிய ஆராய்ச்சி அறையில் வேலையைத் தொடங்கினார்.

நிலக்கரியிலிருந்து விளக்கு எரிக்க வாயு எடுப்பார்கள். மிஞ்சுவது கறுப்பான தார். யாரும் விரும்பாத கழிவு அது. அந்தத் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை வைத்துக்கொண்டு கொயினா செய்யப் பார்த்தார் பெர்க்கின். முதல் முயற்சியில் செம்பழுப்பான கசடு ஒன்று வந்தது. கொயினா வரவில்லை.

அடுத்து அனிலின் என்ற பொருளை எடுத்தார். இம்முறை கன்னங்கரேலென்று ஒரு கசடு வந்தது. வேறொருவராக இருந்தால் அதைக் கொட்டியிருப்பார். பெர்க்கின் கொட்டவில்லை. அதைச் சாராயத்தில் கரைத்துப் பார்த்தார். கறுப்புக் கசடு அழகான கத்தரிப்பூ நிறமாக மாறியது!

ஒரு பட்டுத் துண்டை அதில் நனைத்தார். பட்டு அந்த நிறத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. சோப்புப் போட்டுத் துவைத்தார். நிறம் போகவில்லை. வெயிலில் போட்டார். எளிதில் மங்கவில்லை. காய்ச்சலுக்கு மருந்து தேடிய வாலிபர் உலகத்துக்குப் புதிய சாயம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

தந்தையின் துணிவு

அண்ணன் தாமசும் நண்பர் ஆர்தர் சர்ச்சும் உதவிக்கு வந்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் கொட்டகை போட்டு இன்னும் கொஞ்சம் சாயம் செய்தார்கள். சாயம் ஏற்றிய பட்டு, ஸ்காத்லாந்தில் உள்ள புல்லர் என்ற பெரிய சாய நிறுவனத்துக்குப் போயிற்று. விலை கட்டுப்படியானால் இது மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று அங்கிருந்து பதில் வந்தது.

1856 ஆகஸ்டு மாதம் பெர்க்கின் காப்புரிமை பெற்றார். கல்லூரியை விட்டு வெளியேறினார். ஹாப்மனுக்கு இது பிடிக்கவில்லை. நல்ல விஞ்ஞானி வியாபாரத்தில் விழுந்து கெட்டுவிடுவான் என்று அவர் வருந்தினார்.

தந்தை என்ன செய்தார்? வாழ்நாள் முழுவதும் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்து சேர்த்த பணம் அவரிடம் இருந்தது. அதில் பெரும் பகுதியை எடுத்து மகனின் கையில் கொடுத்தார். 18 வயதுப் பையனின் கண்டுபிடிப்பை நம்பி இப்படிச் செய்வது சாதாரணக் காரியமல்ல. தோற்றால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்.

1857-ம் ஆண்டு லண்டனுக்கு அருகே கிரீன்போர்டு என்ற இடத்தில் தொழிற்சாலை எழுந்தது. தந்தையும் அண்ணனும் கூடவே உழைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சாயம் விற்பனைக்கு வந்தது. மாவ் என்பது அதன் பெயர். 1858-ம் ஆண்டு விக்டோரியா மகாராணி தமது மகளின் திருமணத்தில் அந்த நிறச் சாயலுள்ள உடை உடுத்தினார். பிரான்சு நாட்டு ராணிக்கும் அந்த நிறத்தில் மோகம். பிறகு கேட்க வேண்டுமா? நகரப் பெண்கள் எல்லோரும் கத்தரிப்பூ நிறம் கேட்டார்கள். தந்தையின் பணம் பிழைத்தது.

பட்டும் கம்பளியும் பருத்தியும்

பட்டும் கம்பளியும் உயிரினங்கள் தரும் இழைகள். பெர்க்கினின் சாயத்தை அவை நேராகவே பிடித்துக்கொண்டன. பருத்தி பிடிக்கவில்லை. பருத்திக்கு முதலில் துவர்ப்புச் சத்து ஊட்ட வேண்டியிருந்தது. பெர்க்கின் அதற்கும் வழி கண்டார். நம் சாயக்காரர்கள் கடுக்காய் ஊட்டியதும் இதே காரணத்துக்காகத்தான்.

கம்பளியில் வேறொரு தொல்லை உண்டு. கம்பளி மயிரை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் செதில் போன்ற அடுக்குகள் தெரியும். ஈரமும் சூடும் சேர்ந்த நேரத்தில் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நூல் திரண்டு, சுருங்கி, தடித்துப் போகும். பிறகு அதைப் பிரிக்க முடியாது.

ஆகவே கம்பளி நூலுக்கு வீட்டில் சாயம் போடுவோர் பொறுமையாக வேலை செய்ய வேண்டும். நூலை முதலில் வெதுவெதுப்பான நீரில் ஊற வைக்க வேண்டும். அதே அளவு சூடுள்ள சாய நீரில் இட்டு, மெல்ல மெல்லச் சூட்டை ஏற்ற வேண்டும். தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. கரண்டி போட்டுக் கடையக் கூடாது. சாயம் ஏறியதும் பாத்திரத்திலேயே ஆற விட வேண்டும். சூடான நூலைப் பச்சைத் தண்ணீரில் போடவே கூடாது. அலசிய பின் முறுக்காமல், மெதுவாக அழுத்தி நீரை எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

பெர்க்கின் காட்டிய வழியில் ஒன்றன் பின் ஒன்றாகப் புதிய சாயங்கள் வந்தன. சாயம் பொட்டலங்களில் விற்பனைக்கு வந்தது. செல்வர்கள் மட்டும் உடுத்திய வண்ணங்களை ஏழைப் பெண்ணும் தன் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சிக்கொண்டாள்.

ஒரு நாள் பிந்தினார்

ஐரோப்பாவிலும் சிவப்புச் சாயம் ஒரு வேரிலிருந்தே வந்தது. அதற்கு மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த செடியைப் பயிரிட்டார்கள். அதன் வேரில் உள்ள சிவப்புச் சத்தின் பெயர் அலிசரின். நம் சாயவேரில் உள்ளதும் அதே அலிசரின்தான்.

1868-ம் ஆண்டு கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டே அலிசரினைச் செய்தார்கள். ஆனால் அவர்கள் முறைக்குச் செலவு அதிகம். மலிவான முறைக்குப் போட்டி ஏற்பட்டது. பெர்க்கின் இரவு பகலாக உழைத்து அதைக் கண்டுபிடித்தார்.

1869 ஜூன் 26-ந் தேதி அவர் காப்புரிமைக்கு மனுச் செய்தார். ஜெர்மானியர் அதே முறைக்கு 25-ந் தேதியே மனுச் செய்துவிட்டார்கள்! ஒரே ஒரு நாள் வித்தியாசம். ஆனாலும் சண்டை மூளவில்லை. இரு தரப்பாரும் சமரசமாகச் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

1869-ல் பெர்க்கினின் தொழிற்சாலையில் உற்பத்தியான அலிசரின் 1 டன். 1870-ல் 40 டன். 1871-ல் 220 டன். 1873-ல் 435 டன்.

கரையில் ஓய்ந்த தொழில்

அந்த டன் கணக்கு ஒவ்வொன்றும் வேர் தோண்டுவோரின் வயிற்றில் அடித்த அடி. பிரான்சு நாட்டில் சாயச் செடி வயல்கள் தரிசாயின. நம் கரையிலும் வேருக்குக் கிராக்கி குறைந்தது. வேரைத் தோண்டி, உலர்த்தி, இடித்துக் காய்ச்ச எத்தனையோ நாள் வேண்டும். டப்பாவில் வரும் அலிசரினுக்கு அந்தப் பாடு இல்லை. படிகாரம் ஊட்டும் பழைய பக்குவம் அதற்கும் பொருந்தியது. 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள் மதுரைச் சாயக்காரர்கள் ஜெர்மன் அலிசரினை வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

நூல் மலிவாகச் சிவந்தது. உடுத்துவோர் மகிழ்ந்தார்கள். மணலைத் தோண்டிய கைகள் வேறு வேலை தேடின. ஒரே கண்டுபிடிப்பின் இரண்டு பக்கங்கள் இவை.

36 வயதில் விட்டார்

பெர்க்கின் பெரும் பணம் சேர்த்துவிட்டார். ஆனால் பணத்தோடு அவர் மனம் ஒட்டவில்லை. 1874-ம் ஆண்டு தொழிற்சாலையை விற்றார். அப்போது அவருக்கு வயது 36. மறுபடியும் ஆராய்ச்சி அறைக்குள் புகுந்தார். மீதி வாழ்நாளை அங்கேயே கழித்தார். விஞ்ஞானி வியாபாரத்தில் கெட்டுவிடுவான் என்று ஹாப்மன் பயந்தது வீண் பயமாகிவிட்டது.

பெர்க்கினின் மூன்று ஆண் மக்களும் ரசாயன நிபுணர்கள் ஆனார்கள். இரண்டாவது மகன் ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கின், கம்பளித் தொழிலுக்குப் பேர் போன லீட்ஸ் நகரத்தில் சாயக் கலை ஆசிரியரானார். அவருக்குத் தார்ச் சாயத்தை விடச் செடிச் சாயங்களில்தான் ஆசை அதிகம். 1893-ம் ஆண்டு அவரும் பேராசிரியர் ஹம்மலும் சேர்ந்து ஒரு வேரை ஆராய்ந்து, அதில் அலிசரினும் வேறு சில சத்துகளும் இருப்பதை விளக்கி எழுதினார்கள். அது எந்த வேர்? நம் கடற்கரை மணலில் முளைக்கும் சாயவேர்!

தந்தை கண்ட முறை அந்த வேரின் சந்தையை அழித்தது. மகன் அதே வேரின் பெருமையை விஞ்ஞான ஏட்டில் எழுதி வைத்தார்.

1906-ம் ஆண்டு மாவ் சாயத்தின் பொன்விழா நடந்தது. பெர்க்கினுக்கு சர் பட்டம் கிடைத்தது. அமெரிக்காவிலும் அவருக்கு விருந்து வைத்தார்கள். மறு ஆண்டு, 1907 ஜூலை 14-ந் தேதி அவர் காலமானார். வயது 69.

ராமேசுவரம் மணலில் சாயவேர்ச் செடி இன்னும் முளைக்கிறது. இயற்கைச் சாயத்தை விரும்புவோர் மீண்டும் அதைத் தேடுகிறார்கள். காலடியில் கிடக்கும் செடியையும், கொட்ட வேண்டிய கறுப்புக் கசடையும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பவனுக்கே அதற்குள் இருக்கும் நிறம் தெரிகிறது.