டையோடும் பிக்சர் டியூபும்: ஒரே மனிதரின் கதை

ஹாஸ்டல் ஸ்டோர் ரூமிலோ, தாத்தா வீட்டுப் பரணிலோ ஒரு பழைய குண்டு டிவி தூங்கிக்கிட்டு இருக்கும். அதைத் திறந்தால், பவர் கார்டு போர்டில் சேரும் இடத்தில் ஃபியூஸ், அதை ஒட்டி நாலு டையோடு, பக்கத்தில் ஒரு பெரிய கெபாசிட்டர் தெரியும். மறுபக்கம் பிக்சர் டியூப். டிவி செத்துட்டா நாம முதலில் சோதிக்கிற டையோடுக்கும், கடைசியில் வெளிச்சம் வருதான்னு பார்க்கிற டியூபுக்கும் தொடக்கம் ஒரே ஆள்தான்: கார்ல் ஃபெர்டினான்ட் பிரௌன்.

1850 ஜூன் 6 அன்று ஜெர்மனியின் ஃபுல்டா நகரில் பிறந்தவர். 1872-ல் பெர்லினில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதுக்கப்புறம் லைப்சிக் நகரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. 1874-ல் ஈயத் தாது போன்ற சல்ஃபைடு படிகங்களில் உலோக முனையை வைத்து கரண்ட்டை அளந்தார். ஒரு திசையில் நன்றாகப் போன கரண்ட், திருப்பி இணைத்தால் குறைந்தது. ஓம் விதிப்படி அப்படி நடக்கக் கூடாது. ஆனால் அவர் மீட்டர் தப்புன்னு ஒதுக்கவில்லை. மறுபடி மறுபடி அளந்து வெளியிட்டார். ஏன் இப்படி என்பதற்கு விளக்கம் கிடைக்க 1930-கள் வரை ஆனது.

அந்த ஒருவழிப் பாதைதான் இன்னிக்கு உங்க பிரிட்ஜ் ரெக்டிஃபையர். மல்டிமீட்டரை டையோடு மோடில் வைங்க. நல்ல சிலிக்கான் டையோடு ஒரு பக்கம் 0.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும், மறுபக்கம் ஒண்ணும் காட்டாது. இரண்டு பக்கமும் பூஜ்யம்னா அது ஷார்ட். போர்டிலேயே அளக்கும்போது சந்தேகம் வந்தால் ஒரு காலைக் கழற்றிட்டு அளங்க. ஃபியூஸ் கறுத்துப் போயிருந்தா புதுசு மாட்டி ஆன் பண்ணிடாதீங்க. முதலில் டையோடையும் ஸ்விட்ச்சிங் டிரான்சிஸ்டரையும் பாருங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு விஷயம். 230 வோல்ட் ஏ.சி. ரெக்டிஃபை ஆனதும் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். சப்ளை ஓடாத செட்டில் அந்தச் சார்ஜை இழுக்க லோடு இல்லை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் ரொம்ப நேரம் அப்படியே இருக்கும். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்கணும். பிக்சர் டியூபின் ஆனோடில் இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். பழகியவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

பிரௌன் கதைக்கு வருவோம். 1897-ல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கேத்தோடு கதிர்க் குழாயை வெளியிட்டார். படம் பார்க்க இல்லீங்க. மாறுகிற மின்னோட்டத்தின் வடிவத்தைக் கண்ணால் பார்க்க. அதாவது டிவிக்கு முன்னாடி பிறந்தது ஆஸிலோஸ்கோப். கெபாசிட்டர் வத்திப்போனா சப்ளையில் ஏறும் ரிப்பிளை நாம லேபில் பார்க்கிறது அந்தக் கருவியின் வாரிசில்தான். அவர் அதற்கு பேட்டன்ட் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1907-ல் ரஷ்யாவின் போரிஸ் ரோசிங் அதே குழாயைப் படம் காட்டப் பயன்படுத்தும் வழியைச் சொன்னார்.

1909-ல் கம்பியில்லாத் தந்திக்காக மார்க்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்தார். 1914-ல் போர் தொடங்கிய பிறகு ஒரு பேட்டன்ட் வழக்குக்காக நியூயார்க் போனவரால் ஊர் திரும்ப முடியவில்லை. 1918 ஏப்ரல் 20 அன்று புரூக்ளினில் இறந்தார். டிவி என்ற பொருளை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த தடவை மீட்டர் ரீடிங் புத்தகத்தோடு ஒத்துப்போகலைன்னா, உடனே மீட்டரைத் திட்டாதீங்க. புரோபைத் துடைச்சிட்டு இன்னொரு தரம் அளங்க. மறுபடியும் அதே ரீடிங் வந்தா, நீங்க தேடுற ஃபால்ட் அங்கேதான் இருக்கு.